.22-க்கு எந்த பாலிஸ்டிக் ஆப்? ரெண்டு ஆப், ரெண்டு கணக்கு சொல்லுது

பழைய_வண்ணை | ஞாயிறு இரவு 9.48

வணக்கம் மக்களே. நாலு வருஷமா .22 ரைஃபிள்ல 50 மீட்டர்லயே சுட்டுக்கினு கெடந்த ஆளு நான். இப்ப எங்க கிளப்புல மாசத்துக்கு ஒரு ஞாயிறு 200 மீட்டர் லேன் தர்றாங்க. ஆசையா ஸ்கோப் ஒன்னு வாங்கி மாட்டிட்டேன். மில் கணக்கு (ஒரு மில்னா 100 மீட்டர்ல 10 செ.மீ.), ஒரு கிளிக் 0.1 மில்.

குண்டு எவ்ளோ கீழ விழும்னு கணக்குப் போடுற பாலிஸ்டிக் ஆப் ரெண்டு போன்ல இறக்கி ரெண்டுலயும் ஒரே எண்ணைத்தான் போட்டேன். 40 கிரெயின் (2.6 கிராம்) குண்டு, வேகம் நொடிக்கு 327 மீட்டர் (தோட்டா டப்பா மேல போட்டிருக்குறது), பி.சி. (குண்டு காத்துத் தடையை எவ்ளோ தாக்குப்பிடிக்கும்ங்கற எண்) 0.15, ஜீரோ (குறி வெச்ச இடத்துலயே குண்டு விழுற தூரம்) 50 மீட்டர், குழல் நடுவுலேர்ந்து ஸ்கோப் நடு வரைக்கும் 4 செ.மீ.

ஸ்கோப்பை எவ்ளோ ஏத்தணும்னு கேட்டா, முதல் ஆப்: 100 மீட்டருக்கு 2.2 மில், 200-க்கு 7.7.
ரெண்டாவது ஆப்: 100-க்கு 2.0, 200-க்கு 6.9.

200-ல 0.8 மில்னா 16 செ.மீ. ஆவுது. எதை நம்புறது? காசு குடுத்து வாங்குற ஆப்பா இருந்தா சரியா சொல்லுமா? அடுத்த ஞாயிறு லேன் இருக்கு, அதுக்குள்ள முடிவு பண்ணணும். வேகமா சொல்லுங்கப்பா.

மெல்போர்ன்_தண்டையார்பேட்டை | ஞாயிறு இரவு 10.05

காசு குடு மச்சான், நிம்மதியா இரு. நான் அப்ளைடு பாலிஸ்டிக்ஸ் ஆப்தான். கெஸ்ட்ரல் 5700 எலைட் காத்துமானி உள்ளேயே அந்தக் கணக்கு இருக்கு. போனை வெளிய எடுக்கவே வேணாம். இங்க 1000 மீட்டர் சுடுறோம். முதல் குண்டே இரும்புத் தட்டுல விழுந்து டிங்னு சத்தம் கேக்கும்.

பத்துப்புள்ளிஒன்பது | ஞாயிறு இரவு 10.11

தம்பி 200 மீட்டர் .22-க்குக் கேக்குது, நீங்க கெஸ்ட்ரல் எலைட்டைக் காட்டுறீங்க. அந்தக் காசுக்கு இங்க நல்ல மேட்ச் தோட்டா ரெண்டு வருஷத்துக்கு வாங்கலாம்.

பழைய_வண்ணை, நான் பெரம்பூர். 50 மீட்டர் ப்ரோன், அதாவது படுத்துக்கிட்டு சுடுறது. எங்களுக்குப் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர்தான். அதுக்கே ஆப் தொட்டதில்ல. 200-க்கு ஆப் வேணும்னு ஒத்துக்கறேன், ஆனா ஆப்பை வெச்சு ஆரம்பிக்காத. முதல்ல உன் ஜீரோ ஜீரோதானா? பத்து குண்டு சுட்டு, அந்தக் கூட்டத்தோட நடுவைப் பார்த்து வெச்ச ஜீரோவா, மூணு குண்டு போட்டுட்டு "போதும்டா"ன்னு எழுந்து வந்த ஜீரோவா?

பழைய_வண்ணை | ஞாயிறு இரவு 10.14

அக்கா... மூணு குண்டுதான். எப்டி கண்டுபுடிச்சீங்க?

பத்துப்புள்ளிஒன்பது | ஞாயிறு இரவு 10.15

எல்லாரும் மூணுதான் போடுவாங்க.

கணக்கு_வாத்தி | ஞாயிறு இரவு 11.20

திருவொற்றியூரிலிருந்து. பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், இதைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

வித்தியாசத்தின் அளவை விடுங்கள், அது வளரும் விதத்தைப் பாருங்கள். 100-ல் 0.2, 200-ல் 0.8. நோயைக் காட்டிக்கொடுப்பது இதுதான்.

ஸ்கோப் உயரத்தைத் தப்பாகக் கொடுத்திருந்தால், மில் கணக்கில் பிழை கொஞ்ச தூரம் வளர்ந்து தேங்கிவிடும். உயரத்தில் 1 செ.மீ. பிசகு என்றால் 100-ல் 0.1 மில், 200-ல் 0.15, அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் 0.2-ஐத் தாண்டாது. குழல் முனை வேகத்தில் பிசகு என்றால் ஜீரோ தூரத்திலிருந்து ஏறக்குறைய நேர்கோடாக ஏறும். 50-லிருந்து 100 ஐம்பது மீட்டர், 200 நூற்றைம்பது மீட்டர். ஆக மூன்று மடங்கு வர வேண்டும். காற்றுத் தடையில் பிசகு என்றால் அதைவிட வேகமாக ஏறும். தம்பிக்கு நாலு மடங்கு வந்திருக்கிறது, அதுவும் ஆப் முழுமையாக்கிக் காட்டிய எண்களில். என் சந்தேகம் காற்றுத் தடை மேல்தான்.

ஒரே கேள்வி. ரெண்டாவது ஆப்பில் பி.சி. கட்டத்துக்குப் பக்கத்தில் ஜி1 என்று இருக்கிறதா, ஜி7 என்று இருக்கிறதா?

பழைய_வண்ணை | ஞாயிறு இரவு 11.34

ஐயையோ. ஜி7. அதை நான் தொடவே இல்ல சார், அதுவா இருந்துச்சு.

கணக்கு_வாத்தி | ஞாயிறு இரவு 11.52

அதேதான்.

பி.சி. என்பது குண்டின் சொந்தக் குணம் மட்டுமில்லை. "இன்ன மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு தாக்குப்பிடிக்கும்" என்ற விகிதம். ஜி1-க்கு மாதிரி, அடி தட்டையான பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குண்டு. ஜி7-க்கு மாதிரி, நீள மூக்கும் பின்னால் படகு மாதிரி ஒடுங்கிய வாலும் உள்ள குண்டு. மாதிரி மாறினால் எண்ணும் மாற வேண்டும். 0.15 உங்கள் .22-க்கு ஜி1-ல் சரி. அதே 0.15-ஐ ஜி7 கட்டத்தில் போட்டால், ஆப் உங்கள் மொட்டைக் குண்டை வழுக்கிக்கொண்டு போகும் ஊசி என்று நினைத்துக்கொள்கிறது. ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் தடையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும்.

மேலும் கீழும் மட்டும் போகிற தப்பில்லை இது. பக்கவாட்டுக் காற்றையும் சேர்த்துக் கெடுக்கும். நொடிக்கு நாலரை மீட்டர் காற்று குறுக்கே அடித்தால் உங்கள் குண்டு 200-ல் முப்பது செ.மீ.க்கு மேல் தள்ளப்படும். ஜி7 என்று தப்பாகக் கொடுத்தால் ஆப் அதில் ஏறக்குறைய பாதியைச் சொல்லி உங்களை அனுப்பிவைக்கும்.

ஆக ரெண்டு ஆப்பும் நல்ல பிள்ளைகள்தான். உள்ளே இருக்கும் சமன்பாடு ஒன்றே. பாதையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் புவியீர்ப்பையும் தடையையும் கூட்டிக்கொண்டே போவது. நான் அதை எக்செல் தாளிலேயே போட்டு வைத்திருக்கிறேன். பைத்தான் தெரிந்தால் பை-பாலிஸ்டிக்கால்க் என்று திறந்த மூலத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, உள்ளே திறந்து பார்க்கலாம். ஒரே எண்களைக் கொடுத்தால் நல்ல ஆப்புகள் எல்லாம் 0.1 மில்லுக்குள் ஒத்துப்போகும்.

மெல்போர்ன்_தண்டையார்பேட்டை | திங்கள் காலை 6.30

வாத்தியாரே, "எல்லாம் ஒன்னுதான்"னு அடிச்சி விடாதீங்க. தூரம் போனா மாறும். என் 6.5 கிரீட்மோர் ரைஃபிள் குண்டு 1200 மீட்டர் தாண்டி ஒலி வேகத்துக்கிட்ட இறங்கும்போது ஜி7-உம் கை விட்டுடும். அப்ளைடு பாலிஸ்டிக்ஸ்காரங்க ஒவ்வொரு குண்டுக்கும் எந்த வேகத்துல எவ்ளோ தடைன்னு அளந்து தனித் தடைக் கோடு வெச்சிருக்காங்க. ஹார்னடி 4டிஓஎஃப் ஆப் இலவசம், அவங்க டாப்ளர் ரேடார்ல அளந்த குண்டுன்னா பி.சி.யே கேக்காது. லபுவா ஆப்பும் அவங்க குண்டுக்கு அப்டித்தான். அங்க ஆப்புக்கு ஆப்பு வித்தியாசம் உண்டு.

கணக்கு_வாத்தி | திங்கள் காலை 7.05

ஒத்துக்கொள்கிறேன். 800 மீட்டர் தாண்டி, ஒலி வேகத்தைக் கடக்கும் இடத்தில், தடைக் கோடுதான் ராஜா. ஆனால் தம்பியின் குண்டு குழலை விட்டு வெளியே வரும்போதே ஒலி வேகத்துக்குக் கீழே. ஒலி வேகத்தைக் கடக்கிற அந்தக் கலவரம் அவருக்கு இல்லை. இலவச ஆப் போதும்.

காசிமேடு_லாஞ்சு | திங்கள் காலை 7.40

இன்னா நைனா இது, ராவெல்லாம் கணக்குப் போட்டுக்கினு கீறீங்க. எனக்கு ஒரு டவுட்டு. நம்மகிட்ட இருக்குறது .177 ஏர் ரைஃபிள். மொட்ட மாடில 25 மீட்டர்ல சோடா மூடி. எனக்கு ஆப்பு தேவையா?

பத்துப்புள்ளிஒன்பது | திங்கள் காலை 8.10

தேவையில்ல அண்ணா. பெல்லட் கொஞ்சம் மேல ஏறி இறங்குறதால 10 மீட்டர், 25, 35-னு அட்டை கட்டி சுட்டு, எங்க விழுதுன்னு குறிச்சி வெச்சாலே போதும். ஆனா மாடியில பின்னால மண்மூட்டை இல்லாம சுடாதீங்க. சோடா மூடி தப்பினா பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க். அதுக்கப்புறம் ஏரியா கவுன்சிலர்கிட்ட பஞ்சாயத்து.

மட்டுறுத்துநர் | திங்கள் காலை 8.25

இடையில் ஒரு வார்த்தை. 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ.க்கு மேல் துளை உள்ள ஏர் ரைஃபிளுக்கும், 20 ஜூலுக்கு மேல் சக்தி உள்ளதற்கும் உரிமம் வேண்டும். .22 தோட்டா ரைஃபிள் என்றால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. யார் எங்கே விற்கிறார்கள் என்ற பேச்சு இந்த இழையில் வேண்டாம். மற்றபடி தொடருங்கள், நன்றாகப் போகிறது.

வியாசை_பென்ஷன் | திங்கள் பகல் 1.15

மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்து ஹவில்தாரா வெளிய வந்தவன். வியாசர்பாடி. எந்தத் துப்பாக்கி, எந்த இடம் அதெல்லாம் இங்க எழுத மாட்டேன், கேக்காதீங்க.

ஆப் பத்தி ஒன்னு சொல்றேன். மெட்ராஸ்காரனுக்குன்னே காத்துக்கிட்டு இருக்குற குழி ஒன்னு இருக்கு, யாரும் சொல்றதில்ல. காத்தழுத்தம்.

வானிலை இணையத்துல போடுற அழுத்தம் கடல் மட்டத்துக்குத் திருத்திப் போட்டது. ஆப்புக்கு வேணும்கிறது நீ நிக்கிற இடத்து அழுத்தம். நம்ம ஊர்ல ரெண்டும் ஒன்னு. எண்ணூர்ல நின்னாலும் 1010 பக்கம், இணையத்துல பார்த்தாலும் 1010 பக்கம். தப்பே தெரியாது. அப்படியே பழகிட்டு ஒரு நாள் பெங்களூருக்கோ நீலகிரி வெல்லிங்டனுக்கோ போவான். வெல்லிங்டன் 1850 மீட்டர் உயரம், அங்க உண்மையான அழுத்தம் 815 பக்கம்தான். இவன் போனைப் பார்த்து 1013 போடுவான். ஆப் கெட்டிக் காத்துன்னு நினைச்சு ஏத்திச் சொல்லும். குண்டு தட்டுக்கு மேல பறந்து பின்னால மண்ணைக் கிளப்பும். அப்புறம் ஆப் சரியில்லன்னு திட்டுவான்.

போன்லயே அழுத்தமானி இருந்தா அது காட்டுறது நிக்கிற இடத்து அழுத்தம். அதைப் போடு. இல்லன்னா உயரத்தைப் போட்டு ஆப்பையே கணக்குப் பண்ணச் சொல்லு. ரெண்டையும் சேர்த்துப் போட்டா, உயரத்துக்கு ரெண்டு தடவை கழிச்சிடுற ஆப்பும் உண்டு.

எங்க காலத்துல ஆப் ஏது. அட்டவணை, பென்சில், மழைக்கு நனையாத நோட்டு.

கணக்கு_வாத்தி | திங்கள் பகல் 2.40

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நம்ம ஊரில் அழுத்தம் ஏமாற்றாது, வெப்பம் ஏமாற்றும். கத்திரியில் 40 டிகிரி அடிக்கும்போது காற்று இளைத்துவிடுகிறது. கடலோரத்திலேயே நின்றாலும் குண்டைப் பொறுத்தவரை நீங்கள் சுமார் 900 மீட்டர் மலையேறிவிட்டீர்கள். கிட்டத்தட்ட பெங்களூர்.

ஈரப்பதம் பற்றி எல்லோரும் தலைகீழாகச் சொல்வார்கள். "மெட்ராஸ் காத்து பிசுபிசுன்னு கனமா இருக்கு, குண்டு சீக்கிரம் விழும்" என்று. நீராவியின் மூலக்கூறு எடை 18, காய்ந்த காற்றுக்கு 29. ஈரக் காற்றுதான் லேசு. வித்தியாசம் சொற்பம், .22-க்குக் கண்டுகொள்ளவே வேண்டாம். வியர்வைக்குத்தான் அது கனம்.

ஜார்ஜ்டவுன்_சுவடு | திங்கள் மாலை 5.50

துப்பாக்கி பிடிக்கத் தெரியாது, பழைய மெட்ராஸ் பைத்தியம். ஒரு தகவல் மட்டும்.

நீங்கள் எல்லாம் பேசுகிற இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். ஊசலாகத் தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஊஞ்சலாடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். அதை அச்சிட்டு வெளியிட்டது 1742-ல். அதுவரை காற்றுத் தடை ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தவர்களிடம், அது குண்டின் எடையைவிடப் பல மடங்கு என்று காட்டினார். ஆய்லரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

அப்பேர்ப்பட்டவர் 1750-ல் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக வந்து இறங்கியது நம்ம கரையில். செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பலப்படுத்தத் திட்டம் போட்டவர். 1751 ஜூலை 29 அன்று கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். பாரிமுனையிலிருந்து கோட்டைப் பக்கம் நடக்கும்போது எனக்கு அந்த மரக்கட்டைதான் நினைவுக்கு வரும்.

காசிமேடு_லாஞ்சு | திங்கள் மாலை 6.20

சோக்கா சொன்னீங்க தலீவா. இத்த யாரும் நம்மாண்ட சொன்னதே இல்ல.

வியாசை_பென்ஷன் | திங்கள் மாலை 7.00

அந்த ஊஞ்சல் கட்டைதான் இன்னிக்கு குரோனோகிராஃப், குண்டோட வேகத்தை அளக்குற கருவி. பழைய_வண்ணை, உன் கணக்குல இன்னொரு ஓட்டை. 327 உன் துப்பாக்கி சொன்னதா, டப்பா சொன்னதா? டப்பாக்காரன் அவனோட சோதனைக் குழல்ல அளந்தது அது. உன் குழல் வேற. யார்கிட்டயாவது குரோனோகிராஃப் கடன் வாங்கு. அப்புறம் அந்த ஸ்கோப் உயரத்தை நீயே ஸ்கேல் வெச்சு அள. ஆப்ல இருந்ததை அப்படியே விட்டியா, இல்ல அளந்தியா?

பழைய_வண்ணை | திங்கள் இரவு 9.10

விட்டுட்டேன் ஐயா. இப்பதான் வெர்னியர் வெச்சுப் பார்த்தேன், 4 செ.மீ.தான், நல்ல வேளை. குரோனோகிராஃப் கிளப்புல ஒருத்தர்கிட்ட கார்மின் இருக்கு, சனிக்கிழமை தர்றேன்னாரு.

அப்ப ஆப் விஷயம்? ஸ்ட்ரெலாக்னு ஒரு ஆப் நல்லா இருக்கும்னு ஒரு ஃப்ரெண்டு சொன்னான், பிளே ஸ்டோர்ல தேடினா வரல. வாட்ஸாப்ல ஃபைலா அனுப்புறேன்னான்.

பத்துப்புள்ளிஒன்பது | திங்கள் இரவு 9.25

அனுப்பினா தொடாத. அது கடைகள்லேர்ந்து எடுத்து ரொம்ப நாளாச்சு. யாரோ எங்கேயோ பிரிச்சு ஒட்டின ஃபைல், பேங்க் ஆப் இருக்குற அதே போன்ல ஏத்துறது வெறும் முட்டாள்தனம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான் "இலவச புரோ"ன்னு ஏதோ ஒன்னு ஏத்தி, மறுநாள் போன் பூராவும் விளம்பரம், கடைசில ரீசெட்.

மெல்போர்ன்_தண்டையார்பேட்டை | செவ்வாய் காலை 5.50

சரி, நான் அடக்கி வாசிக்கிறேன். உனக்கு ஹார்னடி ஆப் போதும். அதுல சாதாரண ஜி1 பி.சி. கணக்கும் இருக்கு, உன் .22-க்கு அதைப் போடு. மீட்டர், மில் மாத்திக்கலாம். வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தா ஜேபிஎம் பாலிஸ்டிக்ஸ் வலைப்பக்கம். பார்க்க 2000-ஆம் வருஷத்துப் பக்கம் மாதிரி இருக்கும், கணக்கு தங்கம். அட்டவணை போட்டு பிரிண்ட் எடுத்து, செல்லோடேப் போட்டு துப்பாக்கிப் பின்கட்டை மேல ஒட்டிக்கோ. ரேஞ்சுல சிக்னல் இல்லன்னாலும் கவலையில்ல.

ஆப் வாங்கப் போறவங்க எல்லாருக்கும் நான் பார்க்கச் சொல்றது: ஏர்பிளேன் மோடுல போட்டுட்டு ஆப்பைத் திறந்து பாருங்க. திறக்கலன்னா, லாகின் கேட்டா, வீட்டுக்கு அனுப்புங்க. அப்புறம் வெயில்ல திரை தெரியுதா. வெள்ளை மேல சாம்பல் எழுத்து போட்ட ஆப் ஒன்னு வெச்சிருந்தேன், பன்னெண்டு மணி வெயில்ல தொப்பிக்குள்ள தலைய விட்டுப் பார்க்கணும். அதுவும் இல்லாம, விழுந்த இடத்தைச் சொன்னா வேகத்தைத் திருத்திக்கிற வசதி. அது இல்லாத ஆப்பை நான் தொடமாட்டேன்.

கணக்கு_வாத்தி | செவ்வாய் காலை 7.15

அந்தக் கடைசி வசதியில் எச்சரிக்கை. விழுந்த இடம் ஒத்துவரவில்லை என்றால் பலர் பி.சி.யை இழுத்துப் பொருத்துவார்கள். 200-ல் ஒத்துப்போகும், 150-ல் ஒத்துப்போகாது. முதலில் வேகத்தைத் திருத்துங்கள், அதுவும் அளந்த வேகத்துக்குப் பக்கத்திலேயே. ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டுக்கு, அது ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும் தூரத்தில்தான் பி.சி. பக்கம் கை வைக்க வேண்டும்.

மெல்போர்ன் நண்பருக்கு ஒரு கேள்வி: கோரியாலிஸ் (பூமி சுழற்சிக்கான திருத்தம்) போட்டுத்தான் சுடுகிறீர்களா?

மெல்போர்ன்_தண்டையார்பேட்டை | செவ்வாய் காலை 7.30

போட்டிருக்கேன், ஆனா ஒன்னும் பெருசா தெரியல. குழல் முறுக்கால குண்டு சுழன்று பக்கவாட்டுல நகர்றது அதைவிட அதிகம், 1000-ல ஒரு சாண் வலப்பக்கம்.

கணக்கு_வாத்தி | செவ்வாய் காலை 7.50

பறக்கும் நேரம் 1.6 நொடி, தூரம் 1000 மீட்டர் என்று வைத்தால், உங்கள் மெல்போர்னில் பூமி சுழற்சி சுமார் 7 செ.மீ. இடப்பக்கம் தள்ளும். அதே துப்பாக்கி சென்னையில் வெறும் இரண்டரை செ.மீ., அதுவும் வலப்பக்கம், ஏனென்றால் நாம் 13 டிகிரி வடக்கில். ஆனால் கிழக்கு நோக்கிக் கடலைப் பார்த்துச் சுட்டால் 11 செ.மீ. மேலே போகும், மேற்கே திரும்பினால் அதே அளவு கீழே. நிலநடுக்கோட்டுக்குக் கிட்டப் போகப் போக பக்கவாட்டு குறையும், மேல்-கீழ் கூடும். "கோரியாலிஸ் எல்லாம் தெற்கே கிடையாது" என்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

தம்பி, இது உங்களுக்கல்ல. 200 மீட்டரில் அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

காசிமேடு_லாஞ்சு | செவ்வாய் இரவு 8.45

வாத்தியாரே, பூமி சுத்துறதெல்லாம் சரி. காத்த ஆப்பு எப்டி கண்டுக்கும்?

கணக்கு_வாத்தி | செவ்வாய் இரவு 8.50

கண்டுக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காசிமேடு_லாஞ்சு | செவ்வாய் இரவு 9.20

அப்ப அத்த என்னாண்ட கேளுங்க. கத்திரில காலைல கச்சான் காத்து, தரைலேர்ந்து கடலுக்கு. மதியம் ஒரு மணி வாக்குல கடக்காத்து உள்ள வந்துடும், அப்டியே திசை திரும்பும். நடுவுல கொஞ்ச நேரம் செத்தாப்ல நிக்கும். அது ஏமாத்துற நேரம். கடலோரம் திரும்பி இருக்கும், உள்ள ஒரு மைல் தள்ளி இன்னும் பழைய காத்து அடிச்சிக்கினு இருக்கும். மணலி சிம்னி பொகைய பார்த்து காத்து சொல்றவன் ஏமாந்தான், அது மேல் காத்து. கீழ தரையாண்ட வேற மாதிரி ஓடும்.

சின்னப் புள்ளைல மாடிக்கு மாடி காத்தாடி விட்டவனுக்கு இது நல்லா தெரியும். (மாஞ்சா வேணாம்பா, அது கழுத்தறுக்குற சமாச்சாரம்.) காத்தாடி மேல போனதும் வேற பக்கம் இழுக்கும்.

பத்துப்புள்ளிஒன்பது | செவ்வாய் இரவு 9.40

இவர் சொன்னதுல அர்த்தம் இருக்கு. நாங்க ரேஞ்சுல கொடியைப் பார்க்கறோம், ஆனா எந்தக் கொடி? துப்பாக்கிக்குப் பக்கத்துல அடிக்கிற காத்துதான் ரொம்ப நேரத்துக்குக் குண்டைக் கெடுக்கும், ஏன்னா தொடக்கத்துல சாய்ஞ்ச சாய்வு கடைசி வரைக்கும் கூடவே வரும். இலக்குக்கிட்ட அடிக்கிற காத்துக்குத் தள்ள நேரமே இல்ல. ஸ்கோப்ல தெரியுதுன்னு எல்லாரும் இலக்குப் பக்கத்துக் கொடியையே பார்ப்பாங்க.

மெல்போர்ன்_தண்டையார்பேட்டை | செவ்வாய் இரவு 11.30

இதுல நான் கொஞ்சம் மாறுபடறேன். 1000-ல குண்டு கடைசிப் பகுதியில மெதுவா போகும், அங்க நேரம் அதிகம். நடுப்பகுதிக் காத்துக்கும் மரியாதை வேணும், அதுவும் பள்ளத்தாக்குல குண்டு மேல ஏறிப் போகும்போது.

பத்துப்புள்ளிஒன்பது | புதன் காலை 6.45

1000-ல நான் சுட்டதில்ல, அதனால சண்டை போடல. 200-ல .22-க்கு நான் சொன்னது நிக்கும்.

வியாசை_பென்ஷன் | சனி மாலை 4.10

குரோனோகிராஃப் என்ன ஆச்சு?

பழைய_வண்ணை | சனி இரவு 10.30

ஆச்சு ஐயா. இருபது குண்டு. சராசரி 318. டப்பா 327, என் குழல் 318! ஒரு குண்டு 312, ஒன்னு 324. ஆப்புல 318 போட்டேன், ஜி1 வெச்சேன். 100-க்கு 2.3, 200-க்கு 8.1 மில் சொல்லுது. முன்னால 7.7 சொன்ன அதே ஆப்.

ஜீரோவும் திரும்ப வெச்சேன், பத்து குண்டு போட்டு. அக்கா சொன்ன மாதிரி நடு பார்த்தா ரெண்டு கிளிக் தள்ளியிருந்துச்சு.

பேட்டரி காஞ்சிடப் போகுதுன்னு அட்டவணையை அட்டைலயும் எழுதிட்டேன். தோட்டாவை கார் டேஷ்போர்டுல வெக்காம தண்ணி பாட்டில் பக்கத்துல நிழல்ல வெக்கப் போறேன், சூடேறினா வேகம் ஏறும்னு எங்கயோ படிச்சேன்.

வியாசை_பென்ஷன் | சனி இரவு 10.45

சரிதான். நாளைக்கு முதல் அஞ்சு குண்டுக்கு ஸ்கோப்பைத் திருகாத. விழுந்த இடத்தைப் பார்த்துட்டே இரு.

பழைய_வண்ணை | ஞாயிறு பிற்பகல் 3.20

மக்களே!!! இப்பதான் வந்தேன், சாப்பிடக்கூட இல்ல.

காலை ஏழரைக்கு 8.1 மில் ஏத்திட்டு அஞ்சு குண்டு. நடு, கறுப்புக்கு உள்ள, ரெண்டு விரக்கடை கீழ. அவ்ளோதான்! மேல்-கீழ் பரவல் மொத்தமா 14 செ.மீ. 312-உம் 324-உம் வர்ற தோட்டாவுக்கு அது நியாயம்தான்னு வாத்தியார் சொல்லுவாருன்னு நெனக்கிறேன்.

பக்கவாட்டுலதான் மானம் போச்சு. காலைல இடமிருந்து வலமா மெல்லமா இருந்துச்சு, 0.5 மில் வெச்சு அடிச்சேன், ஓரளவு சரி. பத்து மணிக்கு காத்து பலமாச்சு, கொடி நிமிர்ந்து நிக்குது. ஆப்புல நொடிக்கு 3 மீட்டர்னு போட்டேன், 1.1 மில் குடுத்துச்சு. குண்டு ஒரு சாண் வலது பக்கம் போய் விழுது. காத்து 5-க்கு மேல இருந்திருக்கு போல. நான்தான் கம்மியா நெனச்சிருக்கேன்.

பன்னெண்டரைக்கு காசிமேடு அண்ணன் சொன்ன மாதிரி ஒரு பத்து நிமிஷம் செத்தாப்ல நின்னுச்சு. எல்லாரும் "இப்ப அடிடா"ன்னாங்க. நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா கொடி எதிர்ப்பக்கம் பறக்குது. பக்கத்து லேன்ல இருந்தவரு மூணு குண்டு வேற அட்டைல போட்டுட்டாரு.

காசிமேடு_லாஞ்சு | ஞாயிறு பிற்பகல் 3.35

பார்த்தியா. கடலு பொய் சொல்லாது.

கணக்கு_வாத்தி | ஞாயிறு மாலை 4.05

அருமை. 14 செ.மீ. பரவலைப் பிரித்துப் பாருங்கள். 327-லிருந்து 318-க்கு மாறியதும் ஆப்பில் 7.7 என்பது 8.1 ஆனது. அதாவது நொடிக்கு 9 மீட்டருக்கு 8 செ.மீ. உங்கள் தோட்டாவில் 312-க்கும் 324-க்கும் 12 மீட்டர் வித்தியாசம், அதிலேயே 10 செ.மீ.க்கு மேல் போய்விட்டது. மிச்சம்தான் நீங்களும் துப்பாக்கியும். இனி ஆப் மாற்ற வேண்டாம், தோட்டா மாற்றிப் பாருங்கள்.

பத்துப்புள்ளிஒன்பது | ஞாயிறு மாலை 4.20

அதுவும் ஒரே டப்பா வாங்காத. நாலு வகைல ஒவ்வொரு டப்பா வாங்கி, உன் குழலுக்கு எது புடிக்குதுன்னு பாரு. புடிச்சதை அதே லாட் நம்பர்ல (ஒரே தடவைல தயாரிச்ச தொகுதி) வாங்கி வெய். போன மாசம் எனக்கு லாட் மாறி ஒரு மேட்ச் பூரா போச்சு.

மெல்போர்ன்_தண்டையார்பேட்டை | ஞாயிறு இரவு 7.10

மச்சான், சாப்பிட்டியா இல்லியா? டிசம்பர்ல ஊருக்கு வரேன். பீச் ஸ்டேஷன் பக்கத்துல அத்தோ சாப்பிட்டுட்டு உன் ரேஞ்சுக்கு வந்து பார்க்கலாமா? கெஸ்ட்ரல் கொண்டு வரேன், காத்து எவ்ளோன்னு சண்டை போடாம அளந்துடலாம்.

பழைய_வண்ணை | ஞாயிறு இரவு 7.25

வா மச்சான். டிசம்பர்ல வாடைக் காத்து. அட்டவணையை புதுசா எழுதணும்.

காசிமேடு_லாஞ்சு | ஞாயிறு இரவு 7.40

கெஸ்ட்ரலு கொணாந்தா எனக்கு ஒரு வாட்டி லாஞ்சு மேல வெச்சுப் பார்க்கக் குடுப்பீங்களா?